சராசரியாகச் சரியான சர்க்கரை

ஒரு பாடத்தில் தோற்றுப்போனவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது. அவர்கள் அந்தப் பாடத்தின் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. பதக்கம் வாங்கியவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் புள்ளியியலில் பதக்கம் வாங்கியவள்.

கோயமுத்தூரில் முதுகலையை முடித்து, பதக்கத்தைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு நான் கோத்தகிரிக்குத் திரும்பி வந்தது, தேயிலை விலை சரிந்து கிடந்த காலம். பறிக்கிற கூலிக்கே இலை விலை கட்டாது என்று பலர் தோட்டத்தை அப்படியே விட்டிருந்தார்கள். இடுப்பு உயரத்தில் மட்டமாக நிற்க வேண்டிய செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, தாங்களும் ஒரு மரச்சாதிதான் என்று காட்டிக்கொண்டிருந்தன. வாலிபப் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போய்விட்டார்கள். என் அப்பா கடைவீதியில் கம்பளி, குடை, ரப்பர் பூட்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். (விற்றுக்கொண்டிருந்தார் என்பது ஒரு பேச்சுக்கு.) அந்த வருஷம் மலையில் மழைக்கு மட்டும் குறைவில்லை, குடை வாங்கத்தான் ஆள் இல்லை.

ஊர் இந்த நிலையில் இருக்க, நான் வீட்டுக்குள் ஒரு புரட்சி நடத்திக்கொண்டிருந்தேன்.

"வேலை கெடைக்காம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். பொண்ணு பாக்கறேன்னு எவனாச்சும் ஊட்டுக்கு வந்து பஜ்ஜி தின்னா, நான் பின்வாசல் வழியா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருவேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. (அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஏதோ ஏற்பாடு நடக்கிறது என்று பொருள். அதைப் புரிந்துகொள்ளும் அறிவைப் பல்கலைக்கழகம் எனக்குத் தரவில்லை.)

அப்போதுதான் சென்னியப்பன் மாமா கடைக்கு வந்தார். அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். கீழ் கோத்தகிரிப் பக்கம் சின்னதாக ஒரு தேயிலை ஃபேக்டரி வைத்திருந்தார். சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரச் சின்ன விவசாயிகள் கொண்டுவந்து போடுகிற பச்சை இலையை வாங்கி, அரைத்து, தூளாக்கி விற்பார். அன்று குடைகளுக்கு நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம் அம்மிணி, நீ படிச்சது கணக்குத்தானே?"

"புள்ளியியலுங்க மாமா."

"அதுல இந்த முன்னப்பின்ன இருக்கறதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குதா?"

விஷயம் இதுதான். மாமாவிடம் மிச்சமிருந்த பெரிய வியாபாரி ஒரே ஒருவர், கோயமுத்தூரில் பாக்கெட் டீ கம்பெனி வைத்திருப்பவர். அவரும் இப்போது முகத்தைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். "உங்க தூள் ஒரு நாளைக்கு மணக்குது, ஒரு நாளைக்கு வேப்பங்கஷாயமா இருக்குது. ரெண்டையும் ஒரே பாக்கெட்டுல போட்டு ஒரே பேர்ல நான் எப்படிங்க விக்கறது?" என்பது அவர் கேள்வி. அவரும் போய்விட்டால் மாமா ஃபேக்டரியைப் பூட்ட வேண்டியதுதான். அங்கே வேலை செய்தவர்களில் பாதிப் பேர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். அந்த வேலையும் போனால் அவர்களுக்கு அடுத்து எங்கே என்று யாருக்கும் தெரியாது.

கோளாறு இலையில்தான். சிலர் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பதமாகக் கிள்ளிக் கொண்டுவருவார்கள். சிலர், விற்கிற விலைக்கு இது போதும் என்று கத்தியால் சீவி, முற்றின இலை, குச்சி, காம்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். மாமா சத்தம் போட்டால் அவர்களிடம் பதில் தயாராக இருக்கும்.

"எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துதானுங்களே அரைக்கறீங்க? நல்ல இலையோட நம்ம இலையும் சேந்தா, சராசரியாச் சரியாப் போயிருமுங்க."

சராசரி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மாமா! இது சிதறல் அளவைகள் சம்பந்தப்பட்ட பிரச்சனைங்க!"

"சிதறலா? நம்ம ஃபேக்டரில ஒரு பொட்டுத் தூள் சிதற உடமாட்டோமே அம்மிணி."

நான் விளக்கினேன். சராசரி என்பது நடு எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ஒவ்வொன்றும் அந்த நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சொல்லாது. ஒரு நாள் தேன், ஒரு நாள் கஷாயம் என்றால் சராசரி பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். குடிக்கிறவனுக்குத்தான் வாய் கோணும். அந்தத் தள்ளி நிற்பதை அளக்கத்தான் வீச்சு, சராசரி விலக்கம், திட்ட விலக்கம் எல்லாம் இருக்கின்றன. இதை இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் எங்கே நிறுத்தினேன்?

"வீச்சுன்னா பரோட்டாவாச்சே," என்றார் மாமா. "அதென்ன கடைசில சொன்னே, திட்ட விலக்கமா? எங்க ஊட்டுல உங்க அத்தை திட்டறதுல இருந்து எனக்கு ஒரு நாளும் விலக்கம் கெடைச்சதில்லையே."

அப்பா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். மாமா, விவசாயிகளை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுவதாகவும், கோயமுத்தூர்க்காரரையும் வரவழைப்பதாகவும் சொன்னார். "நாம திருந்தறோம்னு அவருக்கும் ஒரு நம்பிக்கை வரும். நீதான் பேசற. அவங்களுக்குப் புரியற மாதிரி பேசிரு, போதும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

அப்பா உடனே, "கூட்டத்தை ஒரு நல்ல நாளாப் பாத்து வெச்சுக்கலாம்," என்றார். குடைக் கடைக்காரருக்குத் தேயிலைக் கூட்டத்தின் நாள் நட்சத்திரம் எதற்கு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் மூளை முழுக்கச் செய்முறை விளக்கம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கம் இதுதான். வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுப்பது. ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்பது நியாயமான அளவு. நான் பாதி டம்ளர்களில் சர்க்கரையே போட மாட்டேன். மீதிப் பாதியில் நான்கு கரண்டி. சராசரி இரண்டு கரண்டி, கச்சிதம். ஆனால் குடிக்கிற ஒருவருக்கும் பிடிக்காது. பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், பாதிப் பேர் திகட்டித் திணறுவார்கள். அப்போது நான் எழுந்து, "சர்க்கரை சராசரியாகச் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?" என்று கேட்பேன். அமைதி நிலவும். பிறகு கைதட்டல். (அந்த அமைதிக்கு எவ்வளவு நேரம் விடுவது என்றுகூடக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன்.)

கூட்டத்தன்று காலையிலிருந்தே மழை. ஃபேக்டரியில் தூள் மூட்டை அடுக்குகிற தகர ஷெட்டில்தான் கூட்டம். அடுக்க மூட்டை இல்லாததால் இடம் தாராளமாக இருந்தது. கோயில் கமிட்டியிடமிருந்து மைக்கும் ஒலிபெருக்கியும் இரவல் வாங்கியிருந்தார்கள்.

நான் நேராக கேன்டீனுக்குப் போனேன். கேன்டீனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் செல்லம்மாக்கா. இலங்கைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணமான புதிதில் இங்கே வந்தவர். வந்து எத்தனையோ வருஷமாகியும் அவருக்கு டீ தேத்தண்ணிதான், சர்க்கரை சீனிதான். டம்ளர்களை வரிசையாக அடுக்கி, நானே என் கையால் ஒன்றுவிட்டு ஒன்றில் சர்க்கரையைப் போட்டேன்.

"நான் ஆளனுப்பினதும் இதுல டீயை ஊத்தி எடுத்துட்டு வாங்கக்கா," என்றேன்.

செல்லம்மாக்கா டம்ளர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது என்ன பிள்ளை கணக்கு?"

"அது அப்படித்தாங்கக்கா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சோதனையில் உதவி செய்கிறவருக்கு விவரம் தெரியக்கூடாது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். விதியை மீறலாமா?

ஷெட் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கோயமுத்தூர்க்காரர், ஒல்லியாக, கால்மேல் கால் போட்டுக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் மாமா. பின்னால் விவசாயிகள், கம்பளியும் சால்வையுமாக. மூன்றாவது வரிசையில் மட்டும் மூன்று பேர் தனியாகத் தெரிந்தார்கள்: ஒரு வாலிபர், ஒரு நடுத்தர வயது அம்மாள், ஒரு பெரியவர். மூவரும் புத்தம் புதுக் குரங்குக் குல்லா போட்டிருந்தார்கள். மூன்றும் எங்கள் கடைக் குல்லா. ஒன்றில் விலைச் சீட்டுகூடப் பிய்க்கப்படவில்லை. குளிரில் அந்த வாலிபர் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமவெளி ஆட்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. கோயமுத்தூர்க் கம்பெனியிலிருந்து கூட வந்தவர்களாக இருக்கும், ஒரு அம்மாளைக்கூட அதிகாரியாக வைத்திருக்கிறார்களே என்று மகிழ்ந்து, பேச்சில் பாதியை அவர்களைப் பார்த்தே பேசுவதென்று முடிவு செய்தேன்.

அப்பாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. மகள் பேசுவதைக் கேட்க இவ்வளவு ஆசையா என்று பூரித்து, அவரைப் பார்த்துக் கையசைத்தேன்.

முதலில் கரும்பலகை. ஐந்து விவசாயிகள் இலை கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்து, இலையின் தரத்துக்குப் பத்துக்கு ஒன்பது, எட்டு, ஐந்து, இரண்டு, ஒன்று என்று மார்க் போட்டேன். சராசரி ஐந்து. ஒவ்வொருவரும் ஐந்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறார்கள்? பிளஸ் நாலு, பிளஸ் மூணு, பூஜ்யம், மைனஸ் மூணு, மைனஸ் நாலு.

"இதையெல்லாம் கூட்டினா என்ன வரும்?" என்றேன் மைக்கில்.

"பூஜ்யமுங்க," என்றார் போஜன். அந்தப் பக்கத்துப் படுகர் ஊர் ஒன்றில் பெரிய மனிதர். ஃபேக்டரிக்கு வருகிற குச்சியில் கணிசமான பகுதி அவர் தோட்டத்துக் குச்சிதான் என்று மாமா சொல்லியிருந்தார்.

"ரொம்பச் சரி!"

"பூஜ்யம்னா வித்தியாசமே இல்லைன்னு அர்த்தமுங்களா?"

"இல்லீங்க. பிளஸ்ஸும் மைனஸும் ஒண்ணையொண்ணு அடிச்சுருச்சு. அதனால நாம ஒவ்வொண்ணையும் வர்க்கப்படுத்தணும். அதாவது அதை அதாலயே பெருக்கணும்."

"எதுக்குங்க?"

"மைனஸ் போறதுக்கு."

ஷெட்டில் ஒரு சலசலப்பு. போஜன் எழுந்தே நின்றுவிட்டார். "ஏனுங்க, இந்த ரெண்டு வருசமா எங்களுக்கு மைனஸ்தானுங்க. நஷ்டத்தை நஷ்டத்தால பெருக்கினா அது பிளஸ் ஆயிருங்களா?"

"கணக்குப்படி ஆயிருமுங்க. ஆனா..."

"அப்ப அதை எங்களுக்குப் போட்டுக் குடுத்துருங்க, போதும்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கோயமுத்தூர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். போகட்டும், என் அஸ்திரம் இன்னும் கேன்டீனில்தானே இருக்கிறது என்று நான் டீக்கு ஆளனுப்பினேன்.

டம்ளர்கள் வந்தன. எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உறிஞ்சினார்கள். மழைக்கும் குளிருக்கும் சூடான டீ. முகங்களில் ஒரு நிம்மதி பரவியது. நிம்மதியா? நான் எதிர்பார்த்தது அது இல்லையே.

"டீ எப்படி இருக்குதுங்க?" என்றேன்.

"நல்லா இருக்குதுங்க!" என்றது ஷெட் முழுவதும்.

"யாருக்கெல்லாம் சர்க்கரை இல்லை? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"யாருக்கெல்லாம் திகட்டுது?"

ஒருவரும் அசையவில்லை. நான் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த அமைதி அப்போதுதான் வந்தது, தவறான இடத்தில்.

"கூச்சப்படாமச் சொல்லுங்க. நல்லா ருசிச்சுப் பாருங்க. பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்காது."

ஓரத்தில் இருந்த ஒருவர் என்மேல் பரிதாபப்பட்டு, "எனக்குக் கொஞ்சம் கம்மிங்க," என்றார். "பாத்தீங்களா!" என்று நான் துள்ளினேன். பக்கத்தில் இருந்தவர் அவர் டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு, "எப்பவும் அவரு சக்கரை தூக்கலாப் போட்டுக் குடிக்கறவருங்க," என்றார். பரிதாபப்பட்டவர் உடனே, "ஆமாங்க, சரியாத்தான் இருக்குது," என்று வாபஸ் வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒரு நிதானமான பெண் என்ன செய்திருப்பாள்? ஏதோ தவறு நடந்துவிட்டது என்று சிரித்துச் சமாளித்திருப்பாள். ஆனால் நான் என் கையால் போட்ட சர்க்கரை. கணிதம் பொய்க்காது, ஆகவே இவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தேன். மைக்கோடு இறங்கி, மூன்றாவது வரிசைக்குப் போய், அந்தக் குல்லா வாலிபர் முன்னால் நின்றேன். படித்த முகம். கம்பெனி ஆள். உண்மை பேசுவார்.

"நீங்க சொல்லுங்க சார். உங்களதுல சர்க்கரையே இல்லைதானுங்களே?"

அவர் மிரண்டு போனார். "இருக்குதுங்க."

"இருக்காதுங்க."

"இல்லீங்க... இருக்குதுங்களே."

நான் அவர் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கிக் குடித்தேன்.

சர்க்கரை இருந்தது. அளவாக, அழகாக, இரண்டு கரண்டி.

நம்ப முடியவில்லை. டம்ளரை அவர் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த அம்மாளின் டம்ளரை வாங்கி அதையும் ஒரு வாய் குடித்தேன். அதுவும் இரண்டு கரண்டி. அடுத்திருந்த பெரியவர் நிலைமையைப் புரிந்துகொண்டு தன் டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஊரே பார்க்க ஒரு வயசுப்பெண் முன்பின் தெரியாத ஆணின் எச்சில் டம்ளரைப் பிடுங்கிக் குடித்திருக்கிறாள் என்பது எனக்கு இன்னும் உறைக்கவில்லை. அந்த அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். கோபமாகக்கூட இல்லை. சம்பிரதாயம் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார்:

"ஏங் கண்ணு, பாலும் பழமும் கல்யாணத்துக்கு அப்பறந்தானே குடுப்பாங்க?"

எனக்குப் புரியவில்லை. மாமா முன்வரிசையிலிருந்து ஓடிவந்து என் காதில், "அம்மிணி, அது மாப்ள," என்றார்.

"எந்த மாப்ள?" என்றேன். கையில் மைக் இருந்தது. என் கேள்வி ஒலிபெருக்கி வழியாகப் போய் எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி வந்தது.

"உனக்குப் பாத்த மாப்ள," என்றார் மாமா. அதுவும் மைக்கில் விழுந்தது.

சத்தியமங்கலத்தில் அரிசி மில் வைத்திருக்கிற குடும்பம். வீட்டுக்கு வந்தால் பெண் பின்வாசல் வழியாக ஓடிவிடுவாள் என்பதால், கூட்டத்துக்கு வந்ததுபோல இயல்பாகப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. அன்றைய நாள் நட்சத்திரம், விபூதி, குல்லா எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவைதான். ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். என்னைத் தவிர. நான் அப்பாவைத் தேடினேன். அவர் தலை குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் செருப்பின் வாரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அப்போது வாசலில் செல்லம்மாக்கா. கையில் காலித் தட்டு. முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் எல்லாத்தையும் ஒரே சட்டில ஊத்திக் கலக்கினேன். ஒண்ணுல சீனியே இல்ல, ஒண்ணுல அள்ளிக் கொட்டிக் கெடக்கு. மாப்பிள்ள வீட்டாக்கள் வந்திருக்கிற நேரம், இந்தப் பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி போடத் தெரியலையேன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லிறக் கூடாது பாருங்க. அதான்."

என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவர் அதைச் செய்திருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுவதற்கு முன்னால் போஜன் எழுந்துவிட்டார். அவர் முகத்தில் நீண்ட நாள் வழக்கில் தீர்ப்புக் கிடைத்தவரின் வெளிச்சம்.

"அப்பப் பாருங்க! ஒண்ணுல ஒண்ணுமே இல்ல, ஒண்ணுல அள்ளிக் கொட்டியிருக்குது. ஒண்ணாக் கலக்கினதும் எல்லாருக்கும் சரியாப் போச்சு. இதைத்தானுங்களே நாங்க இத்தனை நாளாச் சொல்லிட்டு இருக்கறோம்!"

கைதட்டல். அன்றைக்கு விழுந்த முதல் கைதட்டல், ஒரே கைதட்டல். குல்லாப் பெரியவர்கூடத் தட்டினார், ஒரு கையில் டம்ளரைப் பத்திரமாகப் பிடித்தபடி தொடையில்.

கோயமுத்தூர்க்காரர் எழுந்தார். டம்ளரைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"டீ நல்லா இருக்குதுங்க," என்றார் என்னிடம். "நாளைக்கும் இதே மாதிரி இருக்குமுங்களா?"

சிதறல் அளவைகளின் முழுப் பாடமும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. ஒரு சட்டிக்குள் எப்படி என்பதல்ல, சட்டிக்குச் சட்டி எப்படி என்பதுதான் அவர் கவலை. நான் கரும்பலகையில் எழுதியதும் டம்ளரில் போட்டதும் அவர் கேட்டதற்கு ஒரு அடி தள்ளித்தான் நின்றன. இது எனக்கு உறைத்தது மறுநாள் பல் துலக்கும்போது. அந்த நேரத்தில் வாயில் வந்தது "தெரியலைங்க" மட்டும்தான்.

"எனக்கும் தெரியலைங்க. அதான் யோசிக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

வீடு திரும்பும் வழியில் மாமாவின் ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் நானும் அப்பாவும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துவிடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விஷயத்தைக் கேட்ட அம்மா முதலில் அழுதாள். பிறகு, "ரெண்டு டம்ளரா குடிச்சே?" என்று கேட்டாள். பிறகு அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து வந்தது அழுகைச் சத்தமா சிரிப்புச் சத்தமா என்று அன்றைக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தரகர் மூலம் பதில் வந்தது: "பொண்ணு லட்சணமா இருக்குது, நல்லாப் படிச்சிருக்குது, தைரியமாப் பேசுது. ஆனா எங்க பையன் கொஞ்சம் பயந்த சுபாவமுங்க."

அடுத்த வாரம் செல்லம்மாக்கா கடைக்கு வந்தார். கடை வாசல்படியில் நின்றுகொண்டு, "உன் கல்யாணத்தக் கெடுத்துப்போட்டேனே பிள்ளை," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக, "அதெல்லாம் இல்லீங்கக்கா, அந்த மாப்பிள்ளைக்கு மூக்கு கோணல்," என்று சொன்னேன். அவருக்கு மூக்கு நேராகத்தான் இருந்தது, நல்ல மூக்கு. சும்மா போனவருக்கு ஒரு பழி.

ஃபேக்டரிதான் உண்மையில் அடி வாங்கியது. கூட்டம் முடிந்த வாரத்திலேயே வழக்கத்தைவிட அதிகக் குச்சி வர ஆரம்பித்தது. மாமா கேட்டால், "கலந்தாச் சரியாப் போயிரும்னு மெடல் வாங்கின பொண்ணே மைக்குல சொல்லிருச்சுங்களே," என்றார்களாம். நான் அப்படிச் சொல்லவேயில்லை என்பதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. கோயமுத்தூர்க்காரர் அந்தப் பருவம் முழுக்க வரவில்லை. பாதி நாள் மெஷின் ஓடவில்லை. கேன்டீனைச் சில மாதம் மூடிவிட்டார்கள். செல்லம்மாக்கா திருப்பூரில் இருந்த மகள் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்தார். அவர் கிளம்பிப் போன செய்தி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது, நான் எந்த அளவையின் பெயரையும் உச்சரிக்காமல் சொன்னேன்:

"மாமா, நல்ல இலையத் தனியா அரைங்க. மத்ததைத் தனியா அரைங்க. ரெண்டுக்கும் வேற வேற பேர் வெச்சுருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அம்மிணி," என்றார் மாமா.

சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் திட்ட விலக்கம் என்ற சொல் வரவில்லையே!

மாமா அப்படியே செய்தார். தன் இலை எந்தக் குவியலுக்குப் போகிறது என்று எல்லோரும் பார்க்கிறபடி ஆனதும் போஜனுக்கு ரோஷம் வந்து, கத்தியை வைத்துவிட்டுக் கிள்ளிப் பறிக்க ஆள் விட்டார். நல்ல தூளுக்கு மட்டும் கோயமுத்தூர்க்காரர் திரும்பி வந்தார். கேன்டீன் திறந்தது. இதையெல்லாம் என் சாதனை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். கொஞ்ச நாளில் தேயிலை விலையே மெல்ல ஏறிவிட்டதால் சொல்லிக்கொள்ள முடியாமல் போய்விட்டது.

எனக்கும் ஊட்டியில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. புரட்சியை வாபஸ் வாங்கிக்கொண்டு, பஜ்ஜிக்குச் சம்மதித்தேன். குன்னூரிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. பையன் தபால் அலுவலகத்தில் வேலை. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தட்டை நடுங்காமல் பிடித்து, தரையைப் பார்த்தபடி காபி கொண்டுபோய் நீட்டினேன். அவர் டம்ளரை எடுத்தார். எடுத்துவிட்டு என் பக்கமே திருப்பி நீட்டினார்.

"நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுக் குடுத்துருங்க," என்றார். "சக்கரை சரியா இருக்குதான்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க."

மலை அவ்வளவு சின்னது. கதை எனக்கு முன்னாலேயே குன்னூர் போய்ச் சேர்ந்திருந்தது. அவருடைய அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். என் அப்பா செருப்பைத் தேடினார். வீட்டுக்குள் இருந்ததால் காலில் செருப்பு இல்லை. வேறு வழியில்லாமல் நான் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

பதற்றத்தில் அம்மா சர்க்கரை போடவே மறந்திருந்தாள்.

"சரியா இருக்குதுங்க," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, என்னை நேராகப் பார்த்து, "ஆமாங்க, சரியாத்தான் இருக்குது," என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடினால் இந்தக் கதையை யாராவது ஆரம்பிக்காமல் இருப்பதில்லை. நான் பக்கத்தில் போனால் பெரியவர்கள் டம்ளரைத் தலைக்கு மேலே தூக்குவார்கள். பார்த்துப் பார்த்துக் குழந்தைகளும் பழகிவிட்டார்கள். அந்தக் காபி விஷயத்தில் முதலில் பொய் சொன்னது யார் என்ற வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. நான்தான் என்கிறார் அவர். நான் சொன்னது வந்தவருக்குச் செய்த உபசாரம், முழு டம்ளரையும் குடித்துவிட்டு அவர் சொன்னதுதான் பொய் என்பது என் கட்சி. மாமியார் என் பக்கம்.